பயந்து திரும்பியவள் எழுதுவது

உங்கள் கம்பளிக் கோட்டை இன்று அலமாரியிலிருந்து வெளியே எடுத்தோம். பாச்சை உருண்டை வாடை பாசிர் ரிஸ் வீடு முழுவதும் பரவிவிட்டது. ஜன்னல்களைத் திறந்து வைத்தும் போகவில்லை. நீங்கள் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உங்கள் துணிமணிகளைப் பிரித்துக் கொடுக்க மகள் வந்துவிட்டாள். வரச் சொன்னது நான்தான்.

கோட்டை உதறிப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள்.

“அம்மா, லண்டன் போறதுக்குத் தச்ச கோட்டுதானே இது? நீங்க பிளேனுக்குப் பயந்து பாதியிலேயே திரும்பி வந்தீங்களே, அந்த ட்ரிப்தானே லா?”

அவளைக் குறை சொல்ல முடியாது. சோற்றோடு சோறாக நீங்கள் ஊட்டி வளர்த்த கதை அது. தீபாவளிக்கு நாலு பேர் வந்தால் சொல்வீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்வீர்கள். யாராவது விமானம் என்று வாயெடுத்தால் போதும். “எங்க வீட்டம்மா கல்கத்தா வரைக்கும்தான் தாங்குனாங்க. அதுக்கு மேல கை கால் நடுங்கிப்போச்சு. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அப்பா வீட்டுக்கு ஓடியே போயிட்டாங்க.” எல்லாரும் சிரிப்பார்கள். நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருப்பேன்.

இனி அதைச் சொல்ல நீங்கள் இல்லை. ஆகவே நான் சொல்கிறேன். உங்களை ‘நீங்கள்’ என்றுதான் எழுதப்போகிறேன். பழக்கம். மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், ஒரு மளிகைக் கடையின் மாடியில் அப்போது குடியிருந்தோம். உங்கள் அலுவலகம் உங்களை ஓராண்டுப் படிப்புக்கு லண்டன் அனுப்பியது. உங்களுக்கு அங்கே சோறு ஆக்க ஆள் வேண்டியிருந்தது. அதனால் நானும் வர வேண்டும் என்றீர்கள். என் டிக்கெட்டை என் அப்பா எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை இங்கிலாந்து போகிறார் என்று தேக்கா சந்தையில் ஆட்டுக்கறிக் கடைக்காரரிடம்கூடச் சொல்லி வைத்தார். குழந்தைக்குப் பத்து மாதம். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தாள்.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால், ஒரு புட்டிப்பால் டின்னையும் இரண்டு பாட்டிலையும் கொண்டுவந்து மேசையில் வைத்தீர்கள்.

“இன்னையிலருந்து பாட்டில்தான். பிளேன்ல சேலையை இழுத்து மூடிக்கிட்டு உட்கார்ந்து மானத்தை வாங்காதே. எங்க ஆபீஸ் வெள்ளைக்கார எஞ்சினியரும் அதே பிளேன்லதான் லீவுல ஊருக்குப் போறாரு.”

மார்பில் பால் கட்டிக்கொண்டு இரண்டு நாள் நான் காய்ச்சலில் கிடந்தேன். குழந்தை பாட்டிலைத் தட்டிவிட்டது. அழுது அழுது அதற்குச் சளி பிடித்தது. பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். “சளிக்கெல்லாம் யாராவது டிக்கெட்டை மாத்துவாங்களா?” என்றீர்கள். பாயா லேபார் விமான நிலையத்தில் என் அப்பா மாலையை உங்கள் கழுத்தில்தான் போட்டார். அந்த எஞ்சினியர் வந்துகொண்டிருப்பதைப் பார்த்ததும் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தீர்கள்.

விமானத்தில் உங்கள் இடம் என் பக்கத்தில். நமக்கு முன்னால் நாலைந்து வரிசை தள்ளி எஞ்சினியர் இருந்தார். அவர் பக்கத்தில் ஒரு ஜவுளி வியாபாரி. நாகூர்ப் பக்கத்துக்காரர், சிங்கப்பூரில் கடை வைத்திருந்தவர், சரக்கு எடுக்கக் கல்கத்தா போய்க்கொண்டிருந்தார். விமானம் ஏறி நிமிர்ந்ததும் நீங்கள் எழுந்து போய் அந்தப் பாயிடம் ஏதோ சொன்னீர்கள். ஜன்னலோர இடம் என்று ஆசை காட்டினீர்களாம். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் குழந்தையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

“நல்லாத் தூங்கலாம்னாரேம்மா அந்தத் தம்பி” என்றார்.

பாங்காக்கில் இறங்கும்போது தொடங்கியது. விமானம் தாழத் தாழக் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. பணிப்பெண் ஒரு தட்டில் மிட்டாய் கொண்டுவந்து நீட்டினாள். பல் முளைக்காத குழந்தைக்கு மிட்டாய். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி எரிச்சலோடு உச்சுக்கொட்டினாள். திரும்பாத தலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நேர் வகிடு எடுத்து, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அன்று காலை அந்த எண்ணெயை எடுத்துக் கொடுத்தவள் நான்.

பாட்டிலை வாயில் வைத்தால் துப்பினாள். அவள் அழ அழப் பால் சுரந்து என் ரவிக்கை நனைந்தது. நான் முந்தானையால் மூடி மூடிப் பார்த்தேன். பாய் இதையெல்லாம் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏம்மா, நான் இப்படியே திரும்பி உட்கார்ந்துக்கிறேன். நீ பிள்ளைக்குப் பால் குடு.”

“இல்ல பாய். பாட்டில்தான்.”

“பாட்டிலைத்தான் அது துப்புதே.”

நான் கொடுக்கவில்லை. உங்கள் சொல் அந்த அளவுக்கு என்னைக் கட்டி வைத்திருந்தது அப்போது.

பாங்காக்கிலிருந்து கிளம்பிய பிறகு குழந்தை வாந்தி எடுத்தது. என் மடி, சேலை, இருக்கை, எல்லாம் புளித்த பால். பணிப்பெண் ஓடி வந்து, குழந்தையை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளும்படி பாயிடம் சொன்னாள். அவர் பதறிப்போய், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “நோ ஹஸ்பண்ட், நோ ஹஸ்பண்ட்” என்று சொல்லி, தன்னோடு இடம் மாற்றிக்கொண்ட உங்களை நோக்கி முன்னால் கை காட்டினார். அவள் உங்களிடம் போனாள். அவள் பின்னாலேயே நானும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். முகம் கழுவும் அறை அந்தப் பக்கம்தான் இருந்தது.

பின்னால் இருக்கும் அந்தப் பெண் உங்கள் மனைவியா என்று அவள் கேட்டாள். எஞ்சினியரும் நிமிர்ந்து உங்களைப் பார்த்தார்.

நீங்கள் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னீர்கள். “யார், அந்த அம்மாவா? லண்டனில் இருக்கும் கணவரிடம் போகிறார் என்று நினைக்கிறேன்.”

கான்வென்ட்டில் எனக்கு ஏழாவது வரை சொல்லிக்கொடுத்திருந்த இங்கிலீஷ், அதைப் புரிந்துகொள்ளத் தாராளமாகப் போதும். எஞ்சினியர், பாவம், இவ்வளவு சின்னக் குழந்தையோடு என்றார். நீங்களும் ஆமாம், பாவம் என்றீர்கள். பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றேன். குழந்தை உங்களை அடையாளம் கண்டு, அழுகையை நிறுத்திக் கையை நீட்டியது. உங்கள் மடியில் இந்தக் கோட்டு மடித்து வைத்திருந்தது. வாந்தி பட்டுவிடப் போகிறதே என்று அதை எடுத்து அந்தப் பக்கம் வைத்தீர்கள்.

கல்கத்தாவில் இறங்கியபோது குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. இடது காதிலிருந்து சீழ் வடிந்து என் தோளில் ஒட்டியது. விமான நிலையத்து டாக்டர், வயதான வங்காளி, காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். இந்தக் குழந்தை இப்போது விமானம் ஏறக்கூடாது என்று எழுதிவிட்டார். அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். என்னை ஒரு தூணுக்குப் பின்னால் கூப்பிட்டீர்கள். எஞ்சினியர் கொஞ்ச தூரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“திங்கட்கிழமை காலையில நான் அங்க நிக்கணும். இல்லைன்னா படிப்பே போச்சு. புரியுதா உனக்கு?”

“பிள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குதுங்க.”

“அதான் டாக்டர் பார்க்கிறாரே. தங்க இடமெல்லாம் பிளேன்காரங்க குடுப்பாங்க. சரியானதும் அடுத்த பிளேன்ல ஏறி வந்துடு.”

“எனக்கு இங்க யாரைத் தெரியும்? ஒரு வார்த்தை பாஷை தெரியாதே!”

“மெதுவாப் பேசு. அவர் பார்க்கிறார்.”

அதுதான் நீங்கள் கடைசியாகச் சொன்னது. குழந்தையின் பெயர் என் பாஸ்போர்ட்டில் இருந்ததால் உங்களுக்கு எல்லாம் சுலபமாகப் போயிற்று. கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, எஞ்சினியரோடு பேசிக்கொண்டே வெயிலில் விமானத்தை நோக்கி நடந்தீர்கள். படி ஏறும்போது திரும்புவீர்கள் என்று கடைசி வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வயதில் அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

சுங்கச் சோதனையில் பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்த பாய் என்னிடம் வந்தார்.

“போறாரே, அவர்தானேம்மா உன் வீட்டுக்காரர்?”

“ஆமா.”

“அப்ப எதுக்குச் சீட்டை மாத்திக்கிட்டாரு?”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “நாளைக்கு எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு. இந்த நேரம் பார்த்தா...” என்று முனகிக்கொண்டே என் பையையும் சேர்த்துத் தூக்கினார். டாக்ஸியில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை முனகல் நிற்கவில்லை. கல்கத்தா வெயிலைத் திட்டினார், டாக்ஸிக்காரரைத் திட்டினார், உங்களையும் நடுவில் திட்டினார். நான் தடுக்கவில்லை. அங்கே ஒரு நர்ஸைப் பிடித்து, கையும் காலும் ஆட்டி இந்தியில் பேசி, ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டுவருவார். அறைக்குள் வர மாட்டார். வாசலில் நின்றபடியே, “பிள்ளை கண்ணு முழிச்சுச்சா?” என்று கேட்டுவிட்டு, சரக்கு விலையைப் பற்றிப் புலம்பிவிட்டுப் போவார்.

முதல் நாளே நான் பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே வீசினேன். குழந்தையை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டேன். பத்து நாளில் பால் குறைந்துபோயிருக்கும் என்றுதான் நினைத்தேன். முதலில் கொஞ்சமாக வந்தது. இரண்டு மூன்று நாளில் நன்றாகவே வந்தது. அவள் உயிர் பிழைத்தாள்.

அவளுக்கு உடம்பு தேறியதும் பாய் வாசலில் நின்று கேட்டார். “ரெண்டு பக்கமும் பிளேன் போகுது. நீ எந்தப் பக்கம்?”

உங்களிடமிருந்து தந்தி ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் அதே பதில்தான். “சிங்கப்பூர்” என்றேன். அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. என் வளையல்களை விற்க உதவினார், டிக்கெட் எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம் அவரை ஒரு தடவை சிராங்கூன் ரோட்டில் பார்த்தேன். பிள்ளை நல்லா இருக்கா என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

என் அப்பா கதவைத் திறந்து, “மாப்பிள்ளை எங்க?” என்றார். “லண்டன் போயிட்டாரு” என்றேன். குழந்தையை வாங்கிக்கொண்டார்.

அவளுக்கு இடது காது சரியாகக் கேட்காமல் போனது. அதற்கு நீங்கள்தான் காரணம் என்று எழுத மாட்டேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. வீட்டிலேயே இருந்திருந்தாலும் அந்தச் சளி காதுக்குப் போயிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவளைப் பின் வரிசையில் உட்காரவைத்தபோது, ஆசிரியரிடம் போய்ப் பேச உங்களுக்கு நேரம் இருக்கவில்லை. வந்தவர்களிடம் என் பயத்தைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க நேரம் இருந்தது. நீங்கள் திரும்பி வந்த முதல் வாரமே அந்தக் கதை தயாராக இருந்தது. லண்டனிலேயே ஒத்திகை பார்த்திருப்பீர்கள். எஞ்சினியருக்கும் ஏதாவது ஒன்று சொல்லித்தானே ஆக வேண்டும்.

இன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கட்டிலில் கோட்டைப் போட்டுவிட்டு, கேட்கும் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள்.

“ஏம்மா இத்தனை நாளா சொல்லல?”

“உங்க அப்பா சொல்லும்போதெல்லாம் நானும் அங்கதானே நின்னேன். நீங்க யாரும் என் பக்கம் திரும்பி, அப்படியான்னு கேக்கலயே.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது கொஞ்சம் கடுமைதான். பரவாயில்லை.

“அப்புறம் எதுக்கும்மா அவரோட இருந்தீங்க?”

“வேற வீடு இல்ல. நீ பள்ளிக்கூடம் போகணும். அவர் சம்பாதிச்சாரு, நான் சமைச்சேன். அதுக்குப் பேரு என்னவோ, நீயே வச்சுக்கோ.”

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். கல்கத்தாவிலிருந்து திரும்பிய விமானத்தில் குழந்தை பசிக்கு அழுதது. நான் எங்கேயும் ஒளிந்துகொள்ளவில்லை. இருந்த இடத்திலேயே சேலையைத் தளர்த்திப் பால் கொடுத்தேன். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக்காரர், உங்கள் எஞ்சினியர் வயதுதான் இருக்கும், முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னையே பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவர்தான் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சிங்கப்பூர் வரை குழந்தை ஒரு தடவைகூட அழவில்லை.

அந்தப் பார்வை என்னிடம் தங்கிவிட்டது. இன்னும் இருக்கிறது. அது உங்களுக்கும் தெரியும். விருந்தாளிகளுக்கு முன்னால் நீங்கள் அந்தக் கதையை ஆரம்பிக்கும்போது, காப்பித் தட்டோடு நின்றபடி அப்படித்தான் உங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கல்கத்தா வந்ததும் உங்கள் குரல் கொஞ்சம் வேகமாகிவிடும், சீக்கிரம் முடித்துவிட்டுக் காப்பியில் சர்க்கரை போதவில்லை என்பீர்கள்.