அந்தப் பழைய ஃபிலிம்

இண்டூர்
2 ஜூன் 2025

பூவிழியின் அப்பாவுக்கு மணிமேகலை எழுதுவது.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். பூவிழிக்கு ஒரு மாதமாகத் தலைவலி. தர்மபுரியில் டாக்டரிடம் காட்டினேன். இரண்டு வருடம் முன்பு அவள் மண்டைக்குள் தெரிந்ததே நீர்க்கட்டி, அரக்னாய்டு சிஸ்ட், அது வளர்ந்திருந்தால் ஆபரேஷனாம். வளராமல் இருந்தால் தொடவே வேண்டாமாம். இருபதாம் தேதி எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழைய ஃபிலிம் வேண்டும். வீட்டை விட்டுப் போன அன்று நான்கு சட்டையோடு அதையும் எடுத்துப் போனீர்கள். அதை எடுத்த ஸ்கேன் சென்டரை மூடிவிட்டார்கள். வேறு பிரதி கிடையாது. மடிக்காமல் அனுப்புங்கள்.

மணிமேகலை

ஓசூர்
6 ஜூன் 2025

அன்புள்ள மணிக்கு,

கடிதம் படித்ததிலிருந்து ஷிஃப்டில் கை ஓடவில்லை. பாப்பா சாப்பிடுகிறாளா?

ஃபிலிமை அனுப்ப மனசு வரவில்லை. தீர்த்தமலை ரோட்டில் பைக்கிலிருந்து அவளோடு விழுந்தது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் எல்லார் முன்னாலும், "நீங்கதான் எம்புள்ள மண்டயக் கெடுத்தீங்க" என்றாய். கட்டி வளர்ந்திருந்தால் அதையும் என் தலையில்தான் போடுவாய். புதிய படத்தை மட்டும் பார்க்கச் சொல்லேன்.

மாதேஸ்வரன்

இண்டூர்
9 ஜூன் 2025

பூவிழியின் அப்பாவுக்கு,

புதிய படம் மட்டும் போதாது. பழையது இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்துத்தான் சொல்ல முடியுமாம். ஆறு மாதம் அவள் தலையைத் தடவித் தடவிப் பயந்துகொண்டிருக்க என்னால் ஆகாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "இது பொறக்கும்போதே இருந்ததும்மா. விழுந்ததால வரல, விழுந்ததால நம்ம கண்ணுல பட்டுச்சு" என்றார். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்துதான் உங்களை அப்படிச் சொன்னேன். அவள் நெற்றியில் ரத்தத்தைப் பார்த்த ஆத்திரம். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன், நீங்கள் போய்விட்டீர்கள். அப்புறம் சொல்ல வெட்கமாகிவிட்டது. தப்பு என்னுடையது. ஃபிலிமை அனுப்புங்கள்.

மணிமேகலை

ஓசூர்
13 ஜூன் 2025

மணிக்கு,

இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கூரியரில் போட்டிருக்கிறேன். ஃபிலிம் கவரின் பின்னால் இருக்கும் கையெழுத்துகளைப் பார். ஓசூர், பெங்களூர், சேலம் என்று ஆறு டாக்டர்களிடம் காட்டியிருக்கிறேன். விழுந்ததால் வந்ததா என்று கேட்டேன். ஆறு பேரும் நீ இப்போது எழுதியதைத்தான் சொன்னார்கள்.

தெரிந்தும் ஏன் வரவில்லை என்று கேட்பாய். உன் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தேன். அதுவும் வீம்புதான். அதில் பாப்பாவுக்கு இரண்டு வருடம் அப்பா இல்லாமல் போய்விட்டது. முடிவு எதுவானாலும் எழுது.

மாதேஸ்வரன்

இண்டூர்
21 ஜூன் 2025

மாமாவுக்கு,

இரண்டு ஃபிலிமையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்தார். அப்போது மூன்று சென்டிமீட்டர், இப்போதும் அதேதான். ஆபரேஷன் இல்லை. தலைவலிக்குக் கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆறு கையெழுத்தையும் பார்த்துவிட்டு, "இவ்ளோ பேர்கிட்ட யாரும்மா காட்டினது?" என்றார். அவள் அப்பா என்றேன்.

மெஷின் சத்தத்துக்குப் பழகட்டும் என்று பத்து நாள் அவளை மாவு மில் பெஞ்சில் படுக்க வைத்தேன். ஊரே சிரித்தது, சிரிக்கட்டும். மெஷினுக்குள் அசையாமல் கிடந்தாள். யாராவது ஒருவர் உடன் நின்று காலைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார்கள், நான் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும், "உன் கை நடுங்குது, அடுத்த தடவ அப்பா புடிக்கட்டும்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. அதற்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்று ஓசூரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். இருபத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுங்கள்.

மணி