யானை இல்லாத தீவில் கொம்பு கேட்கிறார்கள்

குறும்பனை
ஜூன் 20

கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும் என் மகன் சுஜினுக்கு அம்மா கிளாரா எழுதுவது. மாதாவின் துணையால் இங்கே நாங்கள் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால், நீதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கோபப்படாதே மக்கா. நீ கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பிய கடிதத்தை உன் அக்கா பெபிஷா தன் போனில் காட்டினாள். நான் மூன்று தடவை வாசித்தேன். எழுத்து உன் எழுத்து மாதிரிதான் இருக்கிறது. சேதிதான் உன் சேதி மாதிரி இல்லை.

மலேசியாவில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை என்று போனவன் நீ. ஒரு மாத லீவில் இந்தோனேசியா போய்வருகிறேன் என்றாய். இப்போது லேவோகேரா என்று ஒரு ஊரில் இருக்கிறேன், புகை கக்குகிற மலையின் சரிவில் இருக்கிறது, டவர் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மேட்டில் ஏறினால்தான் படமாவது போகும் என்று எழுதுகிறாய். அந்த ஊரைப் பெபிஷா போனில் தேடினாள். பச்சையாக ஒரு தீவும் நடுவே ஒரு கோடும்தான் வந்தது. ஊர் என்றால் ஒரு டீக்கடையாவது அதில் தெரியாதா?

நீ எழுதியதை எல்லாம் நம்பத்தான் பார்க்கிறேன். சோளத்தை வறுத்து, சூடு ஆறும் முன்னே கல்லில் வைத்து அவல் போலத் தட்டுகிறார்களாம். பனையேறிக் கள் இறக்குகிறார்களாம். பெண்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து துணி நெய்கிறார்களாம். எல்லாரும் வேதக்காரர்களாம், நம்மைப் போலவே செபமாலை சொல்கிறார்களாம். சரி. ஆனால் தினமும் முருங்கைக்கீரைதான், ருசியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முருங்கைக்கீரை வாசம் வந்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடுகிறவனல்லவா நீ?

உன் சின்னம்மை மகன் ஸ்டெனியின் கதை உனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வேலை என்று கம்போடியாவுக்குக் கூட்டிப் போனார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, போனில் ஊரை ஏமாற்றுகிற வேலை செய்ய வைத்தார்கள். அந்த மாதங்கள் முழுக்க “நல்லா இருக்கேன் அம்மா” என்று மெசேஜ் வந்துகொண்டேதான் இருந்தது. அனுப்பினது அவன் இல்லை. திரும்பி வந்தவன் இன்னும் சரியாகத் தூங்குவதில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவன் என்னிடம் தனியாக, “பெரியம்மா, யானக்கொம்பு கேக்குதானுவன்னா அது நல்ல எடம் இல்ல. சூச்சிச்சு இருங்க, ஏமாந்துராதிங்க” என்றான்.

ஆமாம், கொம்பு. அந்தப் பெண் யூலியானாவைக் கட்டுவதற்கு நம் பக்கத்திலிருந்து யானைக்கொம்பு கொடுக்க வேண்டும் என்று ஏதோ தாம்பூலம் மாற்றுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். அந்தத் தீவில் யானை உண்டா என்று ஸ்டெனியைத் தேடச் சொன்னேன். ஒன்றுகூட இல்லையாம். யானை இல்லாத ஊரில் கொம்பு எதற்கு? இங்கே கொம்பு வைத்திருந்தால் வனத்துறைக்காரன் கையில் விலங்கு போடுவான். கடத்தல்காரர்கள் உன்னை வைத்து ஏதோ ஆட்டம் ஆடுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். உன் இடது காலில் தையல் போட்டது எதனால்? ஊருக்குச் சொன்னதை எழுதாதே. நமக்குள் இருக்கிறதை எழுது. பதில் வரும்வரை நான் பங்குத்தந்தையிடம் போகப்போவதில்லை. மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து, இந்தப் பையனுக்குத் தடையில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தால்தானே அங்கே கல்யாணம் நடக்கும்? அது என் கையில் இருக்கிறது என்பதை அவர்களிடமும் சொல்லிவை.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடி ஐஸ் மீனை எடுத்துத் திங்கள்சந்தையில் விற்கிறேன். பெபிஷா பிள்ளையோடு வந்திருக்கிறாள். சும்மா, நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள்.

கர்த்தர் உன்னையும், நீ இருக்கும் இடம் உண்மையாக இருந்தால் அந்த இடத்தையும் காப்பாராக.

அம்மா

*

குறும்பனை
ஜூலை 14

என் மகன் சுஜினுக்கு,

நீதான். கடலுக்குள் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கல்லில் இருந்து குதித்துக் கால் கிழிந்ததும், அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினதும், கேட்டவர்களிடமெல்லாம் கண்ணாடித்துண்டு குத்தியது என்று பொய் சொன்னதும் நம்மைத் தவிர யாருக்கும் தெரியாது. அதை வாசித்த அன்று கோயிலுக்குப் போய் முட்டிபோட்டுவிட்டு வந்தேன். வரும் வழியிலேயே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. எழுதுவது நீதான். எழுதச் சொல்வது யார்?

பங்குத்தந்தை ஒரு யோசனை சொன்னார். நாகர்கோவிலில் ஒரு கன்னியர் மடத்தில் இந்தோனேசியாக்கார சிஸ்டர் ஒருத்தி இருக்கிறாள், முதியோர்களைப் பார்த்துக்கொள்கிறாள், போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார். நானும் பெபிஷாவும் போனோம். சிஸ்டர் பெர்னதெத் என்று பெயர். நம் பெண்களைப் போலவே நிறம், சுருட்டை முடி. தமிழைத் தட்டித்தட்டிப் பேசுகிறாள். கூடப் பிறந்தவர்கள் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு அன்பாக இருந்தால் நான் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவள்.

லேவோகேராவைத் தெரியுமா என்றேன். தெரியுமாம். அவள் ஊர் பக்கத்துத் தீவாம். லேவோ என்றால் அவர்கள் பாஷையில் ஊர் என்று அர்த்தமாம். நீ எழுதிய சோள அவலும் முருங்கைக்கீரையும் அவளும் சொன்னாள். தண்ணீருக்குக் கஷ்டம், மூங்கிலை வைத்து மழைத்தண்ணீர் பிடிப்பார்கள், ஆண்கள் பாதிப்பேர் மலேசியாவில் வேலைக்குப் போய்விடுவார்கள் என்றாள். புனித வெள்ளியன்று மாதா சொரூபத்தைப் படகில் கொண்டுபோவதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. ஊர் இருக்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

கொம்பைப் பற்றிக் கேட்டேன். அவள் சிரித்தாள். அந்தக் கொம்புகள் எந்தக் காலத்திலோ கப்பலில் வியாபாரிகள் கொண்டுவந்தவையாம். புதிதாக யாரும் வாங்குவதில்லையாம், ஊரை விட்டு வெளியே போவதும் இல்லையாம். ஒரு கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும், அந்த வீட்டுப் பையன் கல்யாணத்துக்கு இன்னொரு வீட்டுக்குப் போகும். கொம்பு இல்லாதவர்கள் சொந்தக்காரர்களிடம் கைமாற்றாக வாங்குவார்களாம். “பொண்ணு வீட்டுக்குப் பையன் வீடு மரியாதை, அம்மா” என்றாள்.

வெளியூர்ப் பையனுக்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன். அப்போதுதான் நீ எழுதாமல் விட்ட விஷயம் வெளியே வந்தது. வெளியூர்க்காரன் கட்டவேண்டுமானால் அங்கே ஒரு குடும்பம் அவனைத் தன் மகனாக ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். அந்த வீட்டுப் பெரியவர் அப்பா இடத்தில் நின்று கொம்பு கொடுப்பாராம்.

நீ எழுதின பெட்ருஸ் ஐயா அதற்குத்தானா சுஜின்? அவர் வீட்டில் தங்கியிருக்கிறேன், நல்ல மனிதர் என்று மட்டும்தானே எழுதினாய்? சில வருடங்களுக்கு முன் பெருமழையில் மலை சரிந்தபோது அவருடைய ஒரே மகன் மண்ணுக்குள் போய்விட்டான் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்து அவருக்காக நான் அழுதேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மகனைப் பறிகொடுத்தவர் உன்னை எதற்கு மகனாக்குகிறார்? நாளைக்கு, இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை, எங்கேயும் அனுப்பமாட்டோம் என்றால் நான் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பேன்?

உனக்கு ஒரு அப்பா இருந்தார். சிலுவைதாசன் என்று பெயர். ஒக்கிப் புயலில் போன அவருடைய உடம்பைக்கூடக் கடல் நமக்குத் தரவில்லை. அந்த இடத்தில் இன்னொருத்தர் நிற்பதற்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை.

சிஸ்டர் கடைசியில் ஒன்று கேட்டாள். “உங்க ஊரிலே பையன் வீடு என்ன கொடுக்கும், அம்மா?” என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பெபிஷா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். தக்கலை தாண்டும்போது, “கேக்கட்டும்மா. பொண்ண ஒருத்தன் கேட்டு வந்தா அவன்தான் குடுக்கணும்னு நெனைக்குத ஆளுவளும் ஒலகத்துல இருக்காவளே” என்றாள்.

அவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்து நாளாகிவிட்டது. நீ கேட்காதே.

ஓலை இப்போதைக்கு இல்லை. அந்தப் பெரியவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியட்டும். அவரை மேட்டுக்குக் கூட்டி வா. அவர் குரலை நான் கேட்க வேண்டும்.

சேசு உனக்குப் புத்தியும் எனக்குப் பொறுமையும் தரட்டும்.

அம்மா

*

குறும்பனை
செப்டம்பர் 2

அன்பு மகன் சுஜினுக்கு,

இந்தக் கடிதத்தைப் பெபிஷா படம் எடுத்து அனுப்பவில்லை. நாகர்கோவிலுக்குத் தனியாகப் போய் சிஸ்டர் பெர்னதெத் கையில் கொடுக்கப்போகிறேன், அவள் போனில் அனுப்புவாள். அன்று எழுந்து வந்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்வேன். பெபிஷாவைப் பற்றி எழுதவேண்டியிருப்பதால்தான் இப்படி. முந்தின இரண்டையும் அவள்தானே அனுப்பினாள், அவள் கண்ணில் படும்படி எதை எழுதுவது?

முதலில் அந்தப் பெரியவர். இரண்டு ஞாயிற்றுக்கு முன் நீங்கள் இரண்டு பேரும் மேட்டிலிருந்து கூப்பிட்டபோது நான் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். காற்றுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. திட்டவேண்டும் என்று ஒரு மாதமாகச் சேர்த்துவைத்திருந்தேன். அவர் எடுத்த எடுப்பில் “சிலுவெத்தாசா, சிலுவெத்தாசா” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொம்பு கொடுக்கிற அன்று குடும்பத்தில் செத்துப்போனவர்கள் பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதில் அப்பா பெயரைத்தான் முதலில் சொல்லப்போகிறார், சரியாகச் சொல்லப் பழகுகிறார் என்று நீ சொன்னாய். நான் “சிலுவைதாசன்” என்றேன். அவர் திரும்பச் சொன்னார். தப்பு. நான் சொன்னேன். அவர் சொன்னார். சந்தைக்குப் போகிற ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் உரக்கச் சொல்லி எவ்வளவோ நாளாகிறது.

இவனை வைத்துக்கொள்ளப் போகிறீர்களா என்று கேட்கச் சொன்னேன். நீ தயங்கினாய். கேளு மக்கா என்றேன். அவர் சொன்னதை நீ அப்படியே சொன்னாயா, எனக்காக மாற்றிச் சொன்னாயா என்று தெரியாது. அவனுடைய அப்பாவால் வரமுடியவில்லை, அம்மா தூரத்தில் இருக்கிறாள், ஆள் இல்லாதவன் என்று யாரும் அவனைச் சொல்லக்கூடாது, அதற்காகத்தான் நிற்கிறேன் என்றாராம். எனக்குச் சந்தேகம் முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று எழுதமாட்டேன். ஆனால் அவரைத் திட்ட வாய் வரவில்லை.

இனி பெபிஷா. அவள் நாலு நாளைக்கு வரவில்லை சுஜின். அவள் புருஷன் ரெஜின் குவைத்திலிருந்து போன் செய்து அவன் அம்மாவிடம் சொல்லி அனுப்பிவைத்திருக்கிறான். இந்த வீட்டை அவன் பெயருக்கு எழுதித் தந்துவிட்டு வந்தால் போதுமாம். கல்யாணத்துக்குப் போட்ட நகை போதவில்லையாம். அப்பா போனதற்கு அரசாங்கம் கொடுத்த பணம் முழுவதும் அந்த வீட்டுக்குத்தான் போனது. அதை வாங்கும்போது அவர்கள் கை கூசவில்லை. நமக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. ஊர் வழக்கம் என்று கொடுத்தோம், கொடுத்துவிட்டு விருந்தும் வைத்தோம். அவள் கையில் ஒரு தழும்பு இருக்கிறது. குக்கர் ஆவி என்கிறாள். கேட்கிறவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்கிறாள். நான் அவள் அம்மா, எனக்குத் தெரியாதா?

ஒரு வாரம் முன்னால் அவள் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு என்னிடம் வந்து, “எம்மா, நான் அந்த வீட்டுக்கே திரும்பிப் போட்டா? நான் இங்க இருந்தா சுஜினுக்கக் கல்யாணத்துக்கு ஆளுவ ஒரு மாதிரி பேசும்லா” என்றாள். போகாண்டாம் மக்கா என்றேன். நான் சாகும்வரை இங்கே இரு என்றேன். அதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் போல, அவள் அப்படி அழுதாள்.

மறுநாள் காலையில் பங்குத்தந்தையிடம் இரண்டு விஷயத்துக்காகப் போனேன். பெபிஷாவுக்காக ஒரு வக்கீலம்மாவின் நம்பர் கேட்டேன், தந்தார். உன் ஓலையை வாசிக்கச் சொன்னேன். நேற்று முதல் ஞாயிறு. “குறும்பனைப் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற சிலுவைதாசன், கிளாரா இவர்களின் மகன் சுஜினுக்கும், லேவோகேராவைச் சேர்ந்த...” என்று அவர் வாசித்தபோது பின்னால் இருந்த பெண்கள் சளசளவென்று பேச ஆரம்பித்தார்கள். பூசை முடிந்து வாசலில் ஒருத்தி, “பொண்ணு வீட்டுல என்ன தாறாவ கிளாரா?” என்று கேட்டாள். நாங்கதான் கொடுக்கிறோம் என்று சொன்னேன். என் மகளுக்கு மூளை கலங்கியதாக ஏற்கெனவே பேசுகிறவர்கள், இப்போது எனக்கும் என்பார்கள். பேசட்டும்.

ஆனாலும் கேட்டுக்கொள். அந்த ஊர் ஆட்களையும் நான் முழுசாக நம்பிவிடவில்லை. கொம்பு மரியாதை என்கிறார்கள். நம் ஊரில் நகைக்கும் அப்படித்தான் ஒரு பெயர் சொன்னோம். இவ்வளவு கொடுத்து எடுத்தோம், இனி இவள் எங்கள் சொத்து என்று நினைக்கிறவன் எந்தத் தீவிலும் இருப்பான். நீ அப்படி ஆகிவிடுவாயோ என்றுதான் இப்போது எனக்குப் பயம். என் மகனையே சந்தேகப்படுகிறேன் என்று வருத்தப்படாதே. ரெஜினையும் ஒரு அம்மாதான் வளர்த்தாள். வீட்டுக்கு வந்தபோது அவனும் அடக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தான்.

யூலியானாவின் அம்மாவிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லு. மகளை எவ்வளவு தூரத்துக்கு அனுப்பினாலும் வீட்டில் அவளுக்கு ஒரு பாய் விரித்தே இருக்கட்டும்.

உனக்கு நான் சொல்வது இதுதான். என்றைக்காவது அவள் எழுந்து, நான் என் அம்மா வீட்டுக்குப் போகணும் என்று சொன்னால், ஏன் என்று கேட்காதே. யார் கொடுத்தது, என்ன கொடுத்தது என்று பேசாதே. மழையாக இருந்தாலும் நீயே கூடப் போய் அவளை விட்டுவிட்டு வா. அவளாக வருகிறேன் என்று சொல்லும்வரை வெளியே காத்திரு.

அப்பா மேலே இருந்து பார்த்துக்கொள்வார். இருவரும் சேர்ந்து முழந்தாளிடும்போது என் கை உங்கள் தலைமேல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உன் அம்மா,
கிளாரா சிலுவைதாசன்