தூக்கினால் நின்றுவிடும்

ஜூலை 14, இரவு 10.20. அம்மாவின் விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கின்றன. மூன்று முறை எண்ணிவிட்டேன்.

காலையில் பிள்ளையாருக்கு அருகம்புல் கிள்ளும்போது, புல்வெட்டும் ரோபோ குறுக்கே வந்திருக்கிறது. அம்மா அதை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தாள். பிளேடு நிற்கவில்லை. முந்தானை கிழிந்தது.

"ஏங்கண்ணு, உன்ற ஆமைக்கு என்ன பசியோ, என்ற சீலையத் தின்னுபோட்டுது!" என்று சிரித்தாள்.

"அதை எதுக்கும்மா தொட்டே?" என்று கத்தினேன்.

"தூக்குனா நின்னுக்கும்னு நீதான சொன்னே?"

வாங்கிய அன்று சொன்னேன். தூக்கியதும் பிளேடை நிறுத்தும் சென்சாரைப் போன வாரம் துண்டித்ததைச் சொல்லவில்லை. மழையில் ஊறிய மேட்டில் ஏறும்போதெல்லாம், யாரோ தூக்கிவிட்டதாக நினைத்து மிஷின் நின்று நின்று போனது. எனக்குப் பொறுமையில்லை. கஞ்சிக்கோட்டில் எங்கள் ஃபேக்டரியில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

நாளைக்கும் அவள் புல் கிள்ளப் போவாள். செய்ய வேண்டியவை:

1. ஐந்தரைக்கு, அவள் தோட்டத்தில் இறங்கும் முன், மிஷினை ஆஃப் செய்வது.
2. சென்சாரை மறுபடி இணைத்து, நானே தூக்கிப் பார்ப்பது.
3. அம்மாவிடம் சொல்வது. காலையில், காப்பி குடிக்கும்போது. இல்லை, இப்போதே. அவள் அறையில் இன்னும் லைட் எரிகிறது.