அப்பாவின் மண்ணில் விழுந்த மழை

அன்புள்ள அப்பாவுக்கு,

முதுகுவலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று கேன்சஸ் விவசாயிகள் கண்காட்சியில் எங்கள் செயற்கை மழைக் கருவியை ஓட்டினோம். வெர்லின் என்ற விவசாயி தன் நிலத்தை உழுது சுத்தமாக வைத்திருப்பவராம். ஒரு பெட்டியில் நிரப்பிய அவருடைய மண்ணை மழைத் துளிகள் அடித்துச் சிதறடித்தன. கீழே ஜாடியில் வழிந்த தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. பக்கத்துப் பெட்டியில், நீங்கள் உழாமல் விடுவதால் ஊரே சோம்பேறி நிலம் என்று சிரிக்கும் நம் மண், அறுவடைக்குப் பின் விட்ட சோளத்தட்டையால் மூடியபடி. துளிகளின் அடி மண்ணில் படாமல் தட்டையில் விழுந்தது. அதன் ஜாடியில் தண்ணீர் தெளிவாக வந்தது.

"குழாய்த் தண்ணிய ஊத்தி யார ஏமாத்துற, பொண்ணு?" என்றார் வெர்லின்.

"எங்கப்பா நிலத்துத் தண்ணி சார்!" என்று அந்தத் தெளிந்த தண்ணீரை ஜாடியோடு எடுத்துக் குடித்துவிட்டேன். பயப்படாதீர்கள், வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

வெர்லின் தொப்பியைக் கழற்றி உங்கள் தொலைபேசி எண்ணைக் கேட்டார்.

இன்னொரு பெட்டி மண் அனுப்புங்கள். கண்காட்சிக்கு இல்லை, என் ஜன்னலில் வைக்க.

வண்டி வந்துவிட்டது,
கிரெட்டா