நான் வெட்டிய நான்கு நிமிடங்கள்

அண்ணா,

இன்று காலை இரண்டாம் ஹாலில் வகுப்புகளைப் பதிகிற பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே மின்விசிறி கரகரக்கிறது, பாடம் நடக்கும்போது பின்வரிசை வரைக்கும் கேட்கிறது என்று புகார். நான்கு திருகுகளையும் கழற்றி மூடியைத் தூக்கியதும் சூடேறிய தூசி நாற்றத்தோடு பாச்சை உருண்டை வாசனையும் சேர்ந்து வந்தது. ஓர் ஓரத்தில், கைக்குட்டைத் துணியில் முடிந்து, ஒட்டுநாடா போட்டு நீங்கள் வைத்த உருண்டைகள். கரைந்து கரைந்து பட்டாணி அளவுக்கு வந்திருந்தன. பெட்டிக்குள் கரப்பான் குடித்தனம் நடத்துகிறது என்று கண்டுபிடித்த வாரம் நீங்கள் செய்த வைத்தியம் அது. கம்ப்யூட்டர் படித்த எவரும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நான் கிண்டல் செய்தேன். "கரப்பான் என்ன கம்ப்யூட்டர் படிச்சுட்டுங்களா அம்மணி உள்ள வந்துச்சு?" என்றீர்கள்.

மூடியை உடனே மூட முடியவில்லை. மேடைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. நேரில் சொல்ல வழியில்லை, வேறு யாரிடமும் சொல்லத் தைரியமில்லை. அதனால் எழுதுகிறேன். இந்தக் கன்னட ஊரில் இருந்து இருந்து, பேசினால் பாதி கன்னடமாகப் போகிற எனக்கு, எழுத உட்கார்ந்தால்தான் தமிழ் ஒழுங்காக வருகிறது.

வகுப்புகளைப் படம்பிடித்து மாணவர்களுக்கு இணையத்தில் போடலாம் என்று நம் பல்கலைக்கழகம் முடிவு செய்தபோது, பளபளப்பான பெட்டியோடு ஒரு கம்பெனிக்காரர் வந்தார். அவர் ஒரு மணி நேரம் பேசியதற்கு நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: இதைத் திறந்து பார்க்கலாமா? முடியாது என்றார். "அப்பறம் எப்படிங்க? பிள்ளைகளோட பாடத்த நாம தெறக்க முடியாத பொட்டியில வெக்கறதா?" என்று என்னிடம் தமிழில் கேட்டுவிட்டு, அவரைப் பார்த்துக் கன்னடத்தில் மரியாதையாக நன்றி சொன்னீர்கள். அடுத்த வாரமே ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை இறக்கிவிட்டீர்கள். எந்தெந்த நாட்டிலோ இருக்கிற பல்கலைக்கழகங்கள் சேர்ந்து எழுதியது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றி எழுதலாம். எழுதினவன் முகம் தெரியாது, ஆனால் எழுதினது மொத்தமும் தெரிகிறது, எனக்கு அது போதும் என்றீர்கள். கௌதள்ளியில் சோளக்காட்டுக்கு நடுவில் வளர்ந்த மனிதர் முகம் தெரியாதவர்களை இவ்வளவு நம்புகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எனக்கென்னவோ முகம் தெரிந்தவர்களிடமே நம்பிக்கை குறைவு.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஹால்கள் உங்களுக்கு. கேமரா, ஆசிரியரின் சட்டையில் மாட்டும் மைக், திரையில் ஓடும் பாடம், எல்லாவற்றையும் சேர்த்துப் பதிகிற பெட்டி. கீழ்த்தளத்து அறையில் கத்தரி எனக்கு. பதிவான வகுப்பு சர்வருக்கு வந்ததும் முன்னால் இருக்கிற இருமலையும் பின்னால் இருக்கிற நாற்காலிச் சத்தத்தையும் வெட்டிவிட்டு, சுத்தமான பாடத்தை மட்டும் மாணவர்களுக்கு விடுவது. மொத்தத் துறையிலும் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

அந்தத் தைரியத்தில்தான் நீங்கள் அந்த வழக்கத்தை ஆரம்பித்தீர்கள். காலையில் முதல் வகுப்புக்கு நீங்களே ஹாலுக்குப் போய்ப் பதிவைத் தொடங்குவீர்கள். மற்றவர்கள் மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள், ஊதிப் பார்ப்பார்கள். நீங்கள் மேடையில் நின்று "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிவிட்டு, கீழே உட்கார்ந்து வெட்டப்போகிற எனக்கு ஒரு சேதி சொல்வீர்கள். ஆசிரியர் பக்கத்திலேயே நிற்பார். அவருக்கு ஒரு வார்த்தை புரியாது. "அம்மணி, சார் நேத்துப் போட்ட சட்டையவே போட்டிருக்காரு, கலர் சரிபண்ணத் தேவையில்லைங்க." "அம்மணி, கேக்குதுங்களா? கேட்டா எந்திரிச்சுப் போயி சாப்புடுங்க." ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல் என்றீர்கள். ஒரு நாள் சாமுண்டி மலை மேகத்துக்குள் போய்விட்டது, ஜன்னல் இல்லாத அறையில் இருக்கிற உங்களுக்காகச் சொல்கிறேன் என்றீர்கள். நான் சிரித்துவிட்டு, அதை வெட்டிவிட்டு, பாடத்தை அனுப்புவேன். அந்தப் பத்து விநாடியை உலகத்தில் நான் ஒருத்திதான் கேட்டேன்.

பிறகு எல்லா ஹாலிலும் பெட்டி வைத்தார்கள். நாளுக்கு நாலைந்து வகுப்பாக இருந்தது முப்பதைத் தாண்டியது. முதல் வகுப்பைத் தவிர மற்றவை கால அட்டவணைப்படி தானாகவே பதிவாகின. வெட்டுகிற கை மட்டும் என்னுடைய இரண்டு கைதான். வெட்டும் திரையில் சத்தம் மேடும் பள்ளமுமாக ஒரு கோடாக ஓடும். அதைக் கேட்கவே வேண்டாம், பார்த்தாலே போதும் என்று கண்டுபிடித்துக்கொண்டேன். முதலில் மூன்று சின்ன மேடு: அது நீங்கள். பிறகு ஒரு குறுகிய சலசலப்பு: அதுவும் நீங்கள். பிறகு நீளமான மலைத்தொடர்: பாடம். மலைத்தொடர் தொடங்குகிற இடத்தில் கோட்டை இழுத்து வைத்து ஒரு வெட்டு. படம் மூலையில் சின்னதாக இருக்கும், அதைப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். சத்தத்தை அணைத்தே வைத்திருந்தேன்.

உங்களுக்கு அது தெரிந்துவிட்டது. காய்ச்சல் சேதி சொன்ன மறுநாள் நான் விசாரிப்பேன், பிறகு விசாரிக்காமல் ஆகிவிட்டேன் அல்லவா. "கண்ணால வெட்டாதீங்க அம்மணி, காதால வெட்டுங்க" என்றீர்கள். "முப்பது வகுப்பு. நீங்க வந்து உக்காந்து காதால வெட்டுங்க, நான் ஹால்ல வந்து கதை பேசறேன்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். என் கோபத்துக்கு நீங்கள் எப்போதும் சிரித்தே பழகிவிட்டீர்கள். அதனால் எனக்கு அதைக் குறைத்துக்கொள்ள ஒருநாளும் தோன்றவில்லை.

டிஸ்க் நிறைந்தபோது நடந்த சண்டையையும் சொல்லிவிடுகிறேன். வெட்டாத முழுப்பதிவுகள்தான் இடத்தை அடைக்கின்றன, முப்பது நாளானதும் தானாக அழிகிற மாதிரி செய்யுங்கள் என்றேன். ஒரு வருஷமாவது இருக்கட்டும், எது எப்போது வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றீர்கள். இருமலையும் நாற்காலிச் சத்தத்தையும் வைத்துக்கொண்டு என்ன பூஜை பண்ணுவதா என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "எழுதியாச்சுங்க. பத்து வரிதான். முப்பதாம் நாள் அதும்பாட்டுக்கு அழிச்சிரும், யாரையும் கேக்காது" என்றீர்கள். நான் ஜெயித்தேன். அந்த வாரம் முழுக்க அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன், அண்ணா.

போன வருஷம் மழைக்காலத்தில் அந்த மூன்று மேட்டுக்குப் பின்னால் வருகிற சலசலப்பு நீண்டுகொண்டே போனது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. கோட்டை அதிக தூரம் இழுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் நான் கவனித்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டாம் ஹால் பதிவில் மேடுகள் வந்துகொண்டே இருந்தன. மைக்கை ஆன் செய்துவிட்டு யாரோ அரட்டை அடித்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். பாடம் தொடங்கும் இடம் வரை இழுத்து வெட்டிவிட்டு, உங்களுக்குப் போனில் ஒரு செய்தி தட்டினேன்: "ரெண்டாம் ஹால்ல மைக்க ஆன்ல விட்டுட்டு யாரு பேசிட்டிருந்தது? எனக்கு வேலை இல்லைன்னு நெனச்சீங்களா?" உடனே பதில் வந்தது. "சாரி அம்மணி. இனி இருக்காது."

திங்கட்கிழமை நீங்கள் லீவு. ஊரில் நிலத்து வேலை என்று எழுதிக் கொடுத்திருந்தீர்கள். என்னிடம் சொல்லாமல் போனதற்கு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு போன்கூடச் செய்யவில்லை. வயிற்றில் கட்டி என்பதும், லீவு போடுவதற்கு ஒரு மாதம் முன்பே அது உங்களுக்குத் தெரியும் என்பதும், நீங்கள் போனது ஊருக்கல்ல ஆஸ்பத்திரிக்கு என்பதும் ஆறாவது வாரம்தான் எனக்குத் தெரிந்தது. ஓடி வந்தபோது உங்களுக்கு நினைவில்லை. அடுத்த நாள் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் ஆன பிறகு உங்கள் மகள் கீழ்த்தளத்து அறைக்கு வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், உங்கள் ஊர்த் தமிழ் அவள் வாயில் கொஞ்சமும் இல்லை. "ஆன்ட்டி, அப்பா வாய்ஸ் ஏதாச்சும் சிக்குமா? எங்க மொபைல்ல ஒண்ணுமே இல்ல. அப்பா எப்பவும் டைப்தான் பண்ணுவார். அம்மா தினமும் கேக்கறாங்க. ஒரு ரெண்டு வார்த்தை இருந்தாக்கூட சாக்கு ஆன்ட்டி." போதும் என்பதற்குக் கன்னடத்தில் சொல்வதையே அவள் தமிழிலும் சொன்னாள். எத்தனையோ ஆயிரம் மணி நேரம் பதிவு செய்த மனிதரின் குரல் இல்லாமலா போகும் என்று நினைத்தேன். கண்டிப்பாக இருக்கும், தேடித் தருகிறேன் என்றேன்.

பத்து நாள் தேடினேன். வெளியிட்ட ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்தையும் போட்டுக் கேட்டேன். எல்லாம் ஆசிரியரின் முதல் வார்த்தையில் சுத்தமாகத் தொடங்கின. ஒரு இடத்தில்கூட நான் பிசகவில்லை. என் வேலைத்திறமையை நினைத்து நான் அழுதது அப்போதுதான். முழுப்பதிவுகள் முப்பதாம் நாள் ஒவ்வொன்றாகப் போய்விட்டிருந்தன. அந்த வெள்ளிக்கிழமைப் பதிவு அழிந்தபோது நீங்கள் உயிரோடு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறீர்கள்.

ஆனால் வெட்டுக் குறிப்பு அழியவில்லை. எந்தப் பதிவை எந்த இடத்தில் வெட்டினோம் என்று மென்பொருள் தனியாக எழுதி வைத்திருக்கிறது. பன்னிரண்டு விநாடி, பத்து விநாடி, பதினான்கு விநாடி என்று வருஷக்கணக்காக அப்படியே போகிறது. கடைசி மூன்று வாரத்தில் நாற்பது விநாடி. பிறகு ஒன்றரை நிமிடம். அந்த வெள்ளிக்கிழமை நான்கு நிமிடம் பதினொரு விநாடி.

மாணவர்கள் பேசியிருக்கலாம், யார் கண்டது என்று என்னை நானே சமாதானம் செய்து பார்த்தேன். கடைசியில் அன்று வகுப்பெடுத்த தாவரவியல் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. தான் உள்ளே வந்தபோது நீங்கள் மேடையில் ஒரு நாற்காலி போட்டு, கேமராவைப் பார்த்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்களாம். மைக் சோதனை என்று நினைத்து வாசலிலேயே நின்றாராம். தமிழ் தனக்குத் தெரியாது, அம்மணி என்று மட்டும் நாலைந்து முறை காதில் விழுந்தது, நடுவில் சிரித்தார், முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்றார். என்ன சொன்னார் என்று அவர் என்னிடம் கேட்டார். உங்களுக்குத்தானே அது தெரியும் என்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

என்ன சொன்னீர்கள், அண்ணா? கட்டியைப் பற்றியா? வீட்டில் எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டீர்களா? யாரிடமும் சொல்லாததை அந்தக் காலி மேடையில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிவிட்டு, நான் ஓடி வருவேன் என்று மேலே காத்திருந்தீர்களா? நான் அனுப்பினது அந்தச் செய்தி. இப்போது எல்லாப் பதிவையும் தலையிலிருந்து கேட்டுத்தான் வெட்டுகிறேன். முப்பது நாள் விதியையும் எடுத்துவிட்டேன். டிஸ்க் நிறைகிறது, மேலிடத்தில் திட்டுகிறார்கள், வாங்கிக்கொள்கிறேன். உங்கள் இடத்துக்கு வந்திருக்கிறவர் மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போகிறார். அதையும் கேட்கிறேன்.

இனிதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது. உங்கள் மகள் மறுபடி வந்தாள். எதுவும் கிடைக்கவில்லை என்றேன். "முப்பது நாளானா சிஸ்டம் தானாவே அழிச்சிரும்மா." அவள் திரையைப் பார்த்தாள். "ஹௌதா, அப்படியா? யார் ஆன்ட்டி அப்படி ரூல் வெச்சது?" என்றாள். கேள்வியில் கோபம் ஒன்றுமில்லை, சும்மா கேட்டாள். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "அப்பாதான் எழுதினார்" என்று வந்தது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். "அப்பாவேதானா? பாருங்க, அவரையே அழிச்சிட்டார்" என்று சொல்லிவிட்டு, கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் வீட்டுக்கு ஒருமுறை வந்தேன். உங்கள் மனைவி காபி கொடுத்தபடி, வந்திருந்த உறவுக்காரர்களிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "அவரு எப்பவுமே அப்படித்தானுங்க. தனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வெக்க மாட்டாரு. ஆபீஸ்ல தன்னோட கொரலையே அழிக்கற மாதிரி எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரு." எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் உங்கள் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். என்னையும் பார்த்தார்கள், நானும் தலையாட்டினேன்.

ஒரு வருஷமாவது வைக்கலாம் என்று கெஞ்சியவர் நீங்கள். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவர் நீங்கள். நான் தப்பிக்கச் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர்கள் உங்கள் குணமாக்கிக்கொண்டு, அதில் ஆறுதலும் அடைந்துவிட்டார்கள். உங்கள் மகளின் நம்பர் என் போனில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன், வைத்துவிடுகிறேன்.