கெய்சர் மண்டை

மார்ச் 4, செவ்வாய்

மன்னித்துக்கொள், நோட்டே. நல்லவர்கள் எல்லாரும் தூங்குகிற நேரத்தில் உன்னைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாண்டு இப்போதுதான் கண் அசந்தாள். ஒன்றரை வயதாகிறது. தூக்கம் என்பது அடுத்தவர்கள் செய்யவேண்டிய வேலை என்று அவளுக்கு நினைப்பு. தாலாட்டினால் தாலாட்டுகிற நான்தான் தூங்கிப்போகிறேன்.

சாயங்காலம் இவர் ஒரு பழைய தீயணைப்பு சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு படியேறி வந்தார். இவர் கார் பட்டறையில் டிங்கர். இடிபட்ட கதவு, நசுங்கிய பானெட் என்று ஏதாவது தகரம் வீட்டுக்கு வருவது வழக்கம்தான். ஆனால் இதைக் குழந்தையைக் கிடத்துவதுபோல மெத்தையில் கிடத்தினார். எதுக்குங்க என்று கேட்டேன்.

"தண்ணிக்குள்ள மூச்சு விட."

தீப்பெட்டி வாங்கப் போகிறேன் என்பதுபோலச் சொன்னார்.

ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்று தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. அதற்குள் இறங்கப் போகிறாராம். கூட்டாளி, பட்டறைக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பஞ்சர் அண்ணன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், அதைப் பார்க்கத்தானே போகிறோம் என்கிறார். நானோ வேதியியலில் பட்டம் வாங்கியவள்.

சிலிண்டரின் லேபிளைப் படித்தேன். உள்ளே தூள். அடியில் துரு. இதில் காற்றை அமுக்கி அடைத்தால் அது சிலிண்டர் இல்லை, வெடிகுண்டு என்றேன். அது உள்ளே இருந்தால் நானும் வாண்டும் வெளியே என்றும் சொன்னேன். இப்போது சிலிண்டர் படிக்கட்டில் தூங்குகிறது. இவர் மெத்தையில். எனக்குத்தான் இடமும் இல்லை, தூக்கமும் இல்லை.

எனக்கு இருப்பது ஒரே ஒரு புருஷன். அவரும் தண்ணிக்குள்ள போய்ட்டா?

மார்ச் 5, புதன்

சிலிண்டர் போய்விட்டது. இவர் முகத்தில் வருத்தமே இல்லை. அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

சந்தேகம் வீண்போகவில்லை. யாரோ தூக்கி எறிந்த வெந்நீர் கெய்சரின் உள்தொட்டியைக் கொண்டுவந்திருக்கிறார். குறுக்கே வெட்டி, கவிழ்த்து, தோளில் உட்காருகிற மாதிரி ஓரத்தை வளைத்துத் தட்டி, ரப்பர் சுற்றி - சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம். பட்டறையில் இவர் தட்டிய கதவில் அடிபட்ட இடத்தை இடித்தவனாலேயே கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். மேலே குழாய் வழியாகக் காற்று வருமாம், மிச்சம் அடிப்பக்கமாகக் குமிழி விட்டுப் போகுமாம். பஞ்சர் அண்ணன் அதற்கு 'மண்டை' என்று பெயர் வைத்துவிட்டார்.

முன்னால் ஒரு வட்டக் கண்ணாடி. கெட்டியாக, உப்பலாக, எங்கேயோ பார்த்த கண்ணாடி. பழுதுபார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாக மூலையில் நிற்கும் எங்கள் வாஷிங் மெஷினைத் திரும்பிப் பார்த்தேன். அது வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"கதவு மட்டுந்தான் எடுத்தேன்," என்றார். "மெஷின் அப்படியேதான் இருக்கு."

வாண்டுவின் துணி மொத்தமும் ஒரு மாதமாகக் கையால் துவைக்கிறவள் யார்?

அக்காவுக்கு போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ், சாவைப் பார்த்துச் சலித்தவள். "ஊர்ல எல்லாரும் குடிக்கிறான், சீட்டாடறான். உன் ஆளு தலைல கெய்சர மாட்டிக்கிறான். சந்தோஷப்படு," என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

இவரிடமும் பஞ்சர் அண்ணனிடமும் மூன்று விஷயம் சொன்னேன். பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்று கூடாது, அதில் எண்ணெய்ப் புகை கலந்து வரும். காலால் மிதிக்கிற பெரிய பம்ப் போதும். மேலே குழாய் அறுந்தால் மண்டைக்குள் இருக்கும் காற்று திரும்பி ஓடும், அதனால் ஒருவழி வால்வு வேண்டும். இடுப்பில் கயிறு இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது.

பஞ்சர் அண்ணன் வாயைப் பிளந்தார். "ஏம்மா தங்கச்சி, இவ்ளோ விஷயத்த வெச்சிக்கிட்டா சும்மா இருந்தே?"

சும்மாவா. ராத்திரி முழுக்க இவர் எப்படியெல்லாம் செத்துப்போவார் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். அதில் முதல் மூன்றைத்தான் சொன்னேன். இன்னும் நிறைய இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

வீட்டுக்காரம்மாவின் தண்ணீர்த் தொட்டியில் சோதனை. அந்தம்மா வெளியே போன நேரம் பார்த்து இவர் மண்டையோடு இறங்கினார். தண்ணீர் மார்பளவு. குனிந்ததுதான் தாமதம், மண்டை பந்துபோல மேலே எகிறியது. போகிற போக்கில் இரண்டு காதையும் உரித்துக்கொண்டு போனது. அந்த நேரம் பார்த்து அந்தம்மா திரும்பி வந்துவிட்டார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் என் தொட்டிக்குள்ள என்ன பண்றார்?"

குளிக்கிறார் என்றேன்.

"கெய்சரோடயா?"

மறந்தும்கூட அந்தம்மா சிரிக்கவில்லை. தொட்டியைக் கழுவித் தருவதாகச் சொல்லித் தப்பித்தோம்.

பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். மண்டைக்குள் சுமார் இருபது லிட்டர் காற்று. தண்ணீர் அதை இருபது கிலோ கணக்கில் மேலே தள்ளும். மண்டையோ ஏழு கிலோகூடத் தேறாது. லேசாகச் செய்வதுதான் இவருக்குப் பெருமை, கார்த் தகரம் தட்டிய கை. எடை சேர்த்தால் ஒழிய அது உட்காராது.

பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் கணக்குப் போட்டிருக்கிறேன். கல்லூரிக்குப் பிறகு என்னிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. டயபர் எத்தனை மிச்சம் என்பதைத் தவிர.

மார்ச் 18, செவ்வாய்

எழுத வரவில்லை.

தடுப்பூசி போட்டுவிட்டு வாண்டுவோடு திரும்பினால், சமையலறையில் இவரும் பஞ்சர் அண்ணனும். அடுப்பில் என் பால் பாத்திரம். அதற்குள் வெள்ளி மாதிரி ஏதோ தளதளவென்று. கார்ச் சக்கரம் ஆடாமல் இருக்க ரிம்மில் மாட்டுவார்களே, குட்டிக் குட்டி ஈயத் துண்டு - பஞ்சர் கடையில் அது வாளி வாளியாகக் கிடக்கும். எடை வேண்டும் என்றேன் அல்லவா. உருக்கி மண்டைக்குப் பட்டையாக ஊற்றுகிறார்களாம்.

ஈயம். பால் பாத்திரத்தில்.

"நல்லா தேய்ச்சு கழுவித்தான் வெச்சேன்," என்றார். வெச்சேன் என்றால்? ஞாயிற்றுக்கிழமையே ஒரு தடவை உருக்கியிருக்கிறார். கழுவி, துடைத்து, அதே இடத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறார். நேற்று அதில்தான் அவளுக்குப் பால் காய்ச்சினேன். இன்று காலையிலும்.

அந்த ஆளைப் பார்த்து என்ன கத்தினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. பஞ்சர் அண்ணன் செருப்பை விட்டுவிட்டு ஓடியது ஞாபகம் இருக்கு. எனக்குத் தெரியும்தானே, நான் படிச்சவதானே - எடை வேணும்னு சொன்னேனே, எதுல பண்றீங்கன்னு ஏன் கேக்கல? இரும்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

அக்கா வீட்டில் இருக்கிறேன். வாண்டு ஈயச் சோதனைக்கு ரத்தம் கொடுத்த கையை எல்லாருக்கும் காட்டிக்கொண்டே தூங்கிவிட்டாள்.

மார்ச் 20, வியாழன்

ரிப்போர்ட் வரவில்லை. இவர் வேலை முடிந்ததும் வந்து அக்கா வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்கிறார். அக்கா உள்ளே விடுவதில்லை. "ஈயம் பூசறதுக்கு இங்க பாத்திரம் ஒண்ணும் இல்ல, கெளம்புங்க," என்கிறாள். கிளம்புவதில்லை.

மார்ச் 22, சனி

வந்துவிட்டது. கவலைப்படுகிற அளவு இல்லை என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்ப்போம் என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். வாண்டு என் துப்பட்டாவால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். படிக்கட்டுக்காரரிடம் அக்காவே போய்ச் சொன்னாள். திட்டினாயா என்று கேட்டேன். அந்த முகத்த பாத்தா திட்ட வாய் வரல என்றாள். அக்காவுக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

மார்ச் 24, திங்கள்

வீட்டுக்கு வந்தேன். பாத்திரம் எல்லாம் புதிது. தரை, சுவர், அடுப்பு மேடை என்று எல்லாவற்றையும் ஈரத்துணி போட்டுத் துடைத்திருக்கிறார். ஈயப் பட்டைகளை பஞ்சர் அண்ணனே எடுத்துப் போய்விட்டாராம். மண்டை சாக்கில் கட்டி வாசலில் இருந்தது. பழைய இரும்புக்காரர் வருவார், போட்டுவிடலாம் என்றார். என் முகத்தைப் பார்க்காமல்.

பழைய இரும்புக்காரர் வந்தார். சாக்கைத் தூக்கினார். வேண்டாம் என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன்? பகல் முழுக்க யோசித்துவிட்டேன். இதைப் போட்டால் ரகசியமாக இன்னொன்று செய்வார், அடுத்த முறை பிரஷர் குக்கர் போகும் - அது ஒரு காரணம். இன்னொன்று இருக்கிறது, எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த இருபது கிலோ என் கணக்கு. சரியா தப்பா என்று தெரியாமல் அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை.

எதிர்வீட்டுத் தம்பி தொப்பை குறைக்க வாங்கிய இரும்புத் தட்டுகள் இருக்கின்றன. தொப்பையும் இருக்கிறது. தட்டுகளை, ஈயத்துக்குப் பதிலாக மண்டையில் மாட்ட, இரவல் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

குவாரி. அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன், முதலுதவிப் பெட்டியோடு. ஆள் உயரத்துக்குமேல் ஆழம் போகக்கூடாது, கரையை விட்டுத் தள்ளிப்போகக்கூடாது, மேலே வரும்போது மூச்சை அடக்கக்கூடாது என்று இவரை மூன்று முறை ஒப்பிக்க வைத்தேன்.

பஞ்சர் அண்ணன் பம்ப்பை மிதித்தார். இவர் இறங்கினார். மண்டை அழகாக உட்கார்ந்தது, என் கணக்கு சரி. கழுத்து, மோவாய், கண்ணாடி - தண்ணீர் கண்ணாடியைத் தொட்டதும் இரண்டு கையும் படபடவென்று அடித்தன. மண்டையைத் தள்ளிவிட்டு வெளியே வந்தார். கண்ணாடியில் ஆவி படிகிறது என்றார். துடைத்துக் கொடுத்தோம். மறுபடியும் அதேதான்; இந்த முறை வால்வில் சத்தம் வருகிறது என்றார். பிறகு கரையில் உட்கார்ந்து, வயிறு சரியில்லை என்றார்.

பஞ்சர் அண்ணன் வானத்தில் ஏதோ தேடினார். அக்கா வாயைத் திறந்தாள், காலை மிதித்தேன். அந்தப் படபடப்பு எனக்குத் தெரியும். பிரசவமான நாளிலிருந்து என்னோடுதான் குடித்தனம் நடத்துகிறது. வாண்டு இருமினால் வரும், இருமாவிட்டாலும் வரும்.

நான் போட்டுக்கொள்கிறேன் என்றேன். எந்தப் பிசாசு சொல்ல வைத்ததோ.

"உனக்கு என்ன பைத்தியமா? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா குழந்தைய வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

ஒரு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அவர் வாயிலிருந்து கேட்க எவ்வளவு சுகம். வாண்டுவை அவர் கையில் கொடுத்து, கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

முதலில் பயம்தான், செத்தேன் என்றுதான் நினைத்தேன். பிறகு பம்ப் சத்தம் - புஸ், புஸ். தலைக்கு மேலே ஒருத்தர் எனக்காக மூச்சு விடுகிற மாதிரி. பச்சைத் தண்ணீர். கல்லின்மேல் யாரோ விட்டெறிந்த ஒற்றைச் செருப்பு. விரல் நீள மீன் ஒன்று வந்து வாஷிங் மெஷின் கதவுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தது, உள்ளே என்ன துணி என்பதுபோல.

யாரும் அம்மா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் கேட்காது. மூச்சு விடுவதைத் தவிர ஒரு வேலை இல்லை. உட்கார்ந்துவிட்டேன், நோட்டே. குவாரியின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்து, கடைசியில் தூக்கித்தான் எடுத்தார்கள்.

கரையில் வாண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கி வைத்திருந்தவர்தான் அழுதுகொண்டிருந்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

நான்கு நாளாக இவர் குவாரியைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் பல் தேய்க்கப் போய்விடுகிறார். ஒருநாளைக்கு எத்தனை தடவை பல் தேய்ப்பார் ஒரு மனுஷன்? மண்டையையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் பெட்டியை வைத்து மறைத்திருக்கிறார்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்றைக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு. காலையில் நான் எழுவதற்குள் பட்டறைக்குப் போய்விடுகிறீர்கள், அதனால் திறந்தபடியே உங்கள் சாப்பாட்டு டப்பாவின்மேல் வைக்கிறேன். முந்தைய பக்கங்களைப் புரட்டவேண்டாம், உங்களுக்கு நல்லதல்ல.

மண்டையின் தோள் உங்கள் அளவுக்குத் தட்டியது. எனக்குக் காறையெலும்பில் குத்தி இரண்டு பக்கமும் கன்றிப்போயிருக்கிறது. இரண்டு விரல் அகலம் குறைக்கவேண்டும். ரப்பரைக் கொஞ்சம் தடிமனாகப் போடுங்கள். வேலையைப் பட்டறையில் செய்யுங்கள், வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்தால் நல்லது. பஞ்சர் அண்ணனும் அக்காவும் வருகிறார்கள். ஆழம் அதேதான், கயிறு உங்கள் கையில்தான்.

பயமா இருக்குன்னா அதையும் சொல்லுங்க. நான் சிரிக்க மாட்டேன். பயம்னா எப்படி இருக்கும்னு இந்த வீட்ல எனக்கில்லாம வேற யாருக்குத் தெரியும்.

குறைத்துத் தருவீர்களா, மாட்டீர்களா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.