மாலை போட்ட படத்துப் பிள்ளை

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முழங்கால் நோவு குறைந்ததா? அல்லாஹ் உதவியால் கல்முனையில் நான் சுகம்.

விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு எங்கே உதவி கிடைக்கும் என்று வீடு வீடாகச் சொல்வதுதானே என் வேலை. நேற்று பெரியநீலாவணையில் சுந்தரம்மா என்பவரின் வீட்டுக்குப் போனேன். சுவரில் ஒரு சிறுமியின் படம், மாலையோடு.

"என்ட மகள். காது கேளாது. மட்டக்களப்பில செத்துப் பெயித்தாள்," என்றார்.

நான் எழும்பியபோது, பூட்டிய அறைக் கதவின் அடியால் சின்ன விரல்கள் நீண்டு என் காலைத் தொட்டன. காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

சுந்தரம்மா அழுதார். "தகப்பன் கடலுக்குப் போய் வரல்ல. இவள்ற ராசிதான் எண்டு ஊர் கதைச்சிச்சு. அதான் செத்துட்டாள் எண்டு சொன்னன்."

"காது கேளாத புள்ளைகளுக்குப் படிப்பு இரிக்கி அக்கா. நான் கூட்டிப் போறன்," என்றேன்.

கதவு திறந்தது. படத்திலிருந்த அதே முகம் கண் கூசி நின்றது.

பள்ளியில் சேர்க்குமுன் காதைச் சோதிக்க, இன்று ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தெருவில் சனம் விறைத்துப்போய்ப் பார்த்தது. அவள் எல்லாருக்கும் கை காட்டினாள்.

பயப்பட வேண்டாம் உம்மா. அந்த விரல்கள் நினைவுக்கு வந்ததால் நேற்றிரவு லைட்டைப் போட்டுத்தான் படுத்தேன். உங்கள் போர்வை ஒன்றை அனுப்புங்கள், கழுவாமல். என்னை வேலைக்கு ஏற்றிப்போகக் கந்தோர் வாகனம் வந்து ஹோன் அடிக்கிறது.

மகள்,
அப்ரா